சத்தத்தை எழுதி அனுப்பு

எத்தாளை,
செப்டெம்பர் 14.

அன்பின் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் மர்ஷூதா மதினியும் சுகமாக இருக்கவும், மகள் ஸஹ்னாவின் பிள்ளை அழாமல் தூங்கி உங்களையும் தூங்க விடவும் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடிதத்தில் கருவாட்டு மணம் வந்தால் ஸஹ்னா என்னை ஏசக் கூடாது. ஹாசிமின் லொறி கிழமைக்கு ஒரு தடவை எங்கள் கருவாட்டை ஏற்றிக்கொண்டு அக்குறணைக்கு வருகிறது அல்லவா, அவன் கையில்தான் இதைக் கொடுத்து விடுகிறேன். கூடவே கட்டாக் கருவாடு ஒரு பார்சல் இருக்கிறது. பதிலையும் அவனிடமே கொடுங்கள். தபாலை நம்பியிருந்தால் பெருநாள் வந்துவிடும்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன புதன்கிழமை நடந்தது நினைவிருக்கிறதா? நான் இங்கிருந்து, "ட்ரக்டர் ஸ்டார்ட் இல்ல" என்று கத்தினேன். மதினி அதை உங்களுக்குச் சொன்னா. நீங்கள், "டொக்டர் இல்லாட்டி புத்தளத்துக்குக் கொண்டு போங்களேன், யாருக்குச் சுகமில்ல?" என்று கேட்டீர்கள். பிறகு என் வீட்டுக்காரர் பயந்து போய் மதினிக்கு வருத்தமா என்று கேட்க, மதினி பயந்து போய் எனக்கு வருத்தமா என்று கேட்க, கடைசி வரை ட்ரக்டரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. லைன் சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நீங்கள் விட்டுப்போன ட்ரக்டர் இந்த மாதத் தொடக்கம் வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சரியாக வெங்காயத்துக்கு நிலம் உழும் நேரம் பார்த்துப் படுத்துவிட்டது. திறப்பைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

உங்கள் மச்சானைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போட் எஞ்சின் தெரியும் என்பதால் உலகத்தில் இருக்கிற எல்லா எஞ்சினும் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு முபாறக்குக்கு. "கயிறு சுத்தி இழுக்கிற இடம் எங்க இரிக்கி?" என்று முதல் நாள் தேடினார். இல்லை என்று தெரிந்ததும் பற்றரியைக் கழற்றிக் கற்பிட்டிக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வந்தார். டக். ஹாசிமின் லொறிப் பற்றரியை இரவல் வாங்கிப் பூட்டினார். அப்போதும் டக். ஆத்திரத்தில் சுத்தியலை எடுத்து ஸ்டார்ட்டர் மோட்டரில் இரண்டு போட்டார். நம்ப மாட்டீர்கள், உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது! அன்றைக்கு முழுதும் அந்தச் சுத்தியலைக் கையை விட்டு இறக்கவில்லை. சோறு தின்ன உட்கார்ந்தபோதும் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்த நாள் காலையில் அடித்தபோது வேலை செய்யவில்லை. அதையும் அவர் நம்பவில்லை, அடித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அஸர் தொழுதுவிட்டு வந்தவர்களை எல்லாம் பிடித்துத் தள்ள வைத்தார். நம்முடைய மணலில் ட்ரக்டரைத் தள்ளுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தள்ளினவர்கள் முழங்கால் வரை இறங்கினார்கள், ட்ரக்டர் அசையவில்லை. பக்கத்துத் தோட்டத்து அஃப்ராஸ் தன்னுடைய ட்ரக்டரில் கட்டி இழுத்த பிறகுதான் எஞ்சின் பிடித்தது. ஆகவே எஞ்சினில் பிழை இல்லை. ஆனால் நிறுத்தினால் மறுபடி எழும்பாது என்ற பயத்தில் இவர் நிறுத்தவே இல்லை. நம் தோட்டத்தை உழுதார். அஃப்ராஸின் தோட்டத்தையும் உழுது கொடுத்தார். உழ வேறு நிலம் இல்லாமல் போனபோது என்னுடைய பூசணிப் பாத்தியையும் உழுதுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பறித்து லொறியில் ஏற்ற இருந்த காய்கள். அன்றைக்கு நான் பேசியதைக் கடிதத்தில் எழுத முடியாது.

சந்தியில் கராஜ் வைத்திருக்கும் நுஸ்கி பாஸ் வந்து பார்த்தார். ஸ்டார்ட்டரை மாற்ற வேண்டும், அதற்குச் செலவழிப்பதை விட மெசினைக் கொடுத்துவிடுவது நல்லது என்றார். சொல்லி வாய் மூடவில்லை, சிலாபத்துப் பக்கம் பழைய இரும்பு எடுக்கும் ஒருவர் வாசலில் வந்து நின்றுவிட்டார். டயரைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்தார். அவர் தட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. இவர் கொடுத்துவிடலாம் என்கிறார். சாமான் உங்களுடையது. நீங்கள் சொல்லாமல் நான் கொடுக்க மாட்டேன்.

இன்னொரு நல்ல செய்தி. நம்முடைய மகள் நிஃப்லாவுக்குக் கனமூலையிலிருந்து கல்யாணம் பேசி வந்திருக்கிறார்கள். பையன் பெயர் அஸ்ஹான், வாப்பாவோடு கடை பார்க்கிறான். சிரித்த முகம். நிகாஹ்வுக்குச் சாட்சியாக நீங்கள்தான் இருக்க வேண்டும் என்று இவர் பிடிவாதமாக இருக்கிறார். இந்தச் சனி விட்டு அடுத்த சனி அவர்கள் பேச வருகிறார்கள். அதற்கும் வரப் பாருங்கள் நானா. போய் எட்டு மாதம் ஆகிவிட்டது.

உங்களையும் உங்கள் வீட்டையும் அல்லாஹ் காப்பானாக.

உங்கள் தங்கச்சி,
அலீமா

*

அக்குறணை,
செப்டெம்பர் 21.

தங்கச்சி அலீமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதமும் கருவாடும் கிடைத்தன. ஸஹ்னா ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டாள். மருமகன் மட்டும் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

ஓம், இந்த மலைப்பக்கம் லைன் சரியில்லை. எழுதுவதுதான் நல்லது.

ட்ரக்டரை விற்பதென்றால் வில்லு. மலை மேல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ட்ரக்டர் எதற்கு? இங்கே நடந்து போவதற்கே இடம் சரிவாக இருக்கிறது.

ஆனால் ஸ்டார்ட்டர் போய்விட்டது என்று நுஸ்கி எதை வைத்துச் சொன்னான்? கழற்றிப் பார்த்தானா? பார்க்காமல் சொன்னதென்றால் அது வைத்தியம் இல்லை. லொறிப் பற்றரி போட்டும் அதே டக் என்றால் பிழை பற்றரியில் இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்டார்ட்டரிலும் இல்லாமல் இருக்கலாம். கரண்ட் போய்ச் சேருகிற வழியில் எங்கேயாவது மறித்துக்கொண்டு நிற்கும்.

நீ எழுதிய "டக்" எனக்குப் போதாது. அது கனமான டக்கா, மெல்லிசான டிக்கா? ஒரு தடவைதானா, டிக்டிக்டிக் என்று தொடர்ந்து வருகிறதா? சத்தம் எங்கேயிருந்து வருகிறது? சத்தத்தை அப்படியே எழுதி அனுப்பு.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால், வெளிச்சம் குறையும்போது, முன் லைட்டைப் போட்டுவிட்டு ஒருவர் திறப்பைத் திருப்பட்டும். நீ முன்னால், ஆனால் ஒரு பக்கமாக ஒதுங்கி நில். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், பிரேக் பிடித்திருக்க வேண்டும். லைட் அப்படியே பளிச்சென்று நிற்கிறதா, மங்குகிறதா, செத்துப்போகிறதா என்று பார். மங்கினால் பற்றரியின் இரண்டு முனையையும் கழற்று. நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, பளபளவென்று வரும் வரை சுரண்டிப் பூட்டு. பிறகு எர்த் வயர். கறுப்பு வயர் ஒன்று பற்றரியிலிருந்து போய் மெசினின் உடம்பில் ஒரு போல்ட்டில் முடியும். சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தால் தெரியும். எல்லோரும் மறக்கிற இடம் அது. அந்த போல்ட்டைக் கழற்றிப் பார்.

மச்சானிடம் இருந்து சுத்தியலை வாங்கி ஒளித்து வை.

நிஃப்லாவின் செய்தி கேட்டு நெஞ்சு நிறைந்தது. பேச்சுக்கு நான் வர முடியாது. முழங்கால் வலி. சாட்சிக்கு என்னை விட நல்லவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

வில்லு என்று நான் சொன்னேன்தான். ஆனாலும் எழுதிவிட்டு வில்லு.

உன் நானா,
ஹயாத்து முகம்மது

*

எத்தாளை,
செப்டெம்பர் 28.

அன்பின் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை நான் வாசித்தேன், நிஃப்லா வாசித்தாள், இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். சுத்தியல் விஷயம் வந்த இடத்தில் மட்டும் அவருக்கு எழுத்து விளங்கவில்லையாம். அது இப்போது என் அலுமாரிக்குள் இருக்கிறது.

சத்தத்தை எழுதுவது இலேசான வேலை என்று நினைத்தேன். நான் டக் என்கிறேன். இவர் டொக் என்கிறார். நிஃப்லா அதைக் கேட்டுவிட்டு, வீட்டுக் கதவில் யாரோ ஒரு விரலால் ஒரு தரம் தட்டிவிட்டுப் போனது மாதிரி என்றாள். எனக்கு அதுதான் சரியாகப் பட்டது. ஒரே ஒரு தடவை. கனமாக. சத்தம் எஞ்சினுக்குப் பக்கத்தில், ஸ்டார்ட்டர் இருக்கிற இடத்திலிருந்து வருகிறது.

லைட் சோதனையும் செய்தோம். இவர் சீட்டில் ஏறினார். நான் முன்னால் ஒரு பக்கமாக நின்றேன். வேலி ஓரம் அஃப்ராஸ் வீட்டார் எல்லோரும் வந்து நின்றார்கள், என்னவோ பெருநாள் பிறை பார்ப்பது போல. திறப்பைத் திருப்பியதும் லைட் சிவந்து சுருங்கி, அணையப் போகிற குப்பி விளக்கு மாதிரி ஆகிவிட்டது. "மங்கிட்டுது!" என்று நான் கத்த, அஃப்ராஸின் உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது.

பற்றரி முனையைக் கழற்றினோம். நீங்கள் எழுதியதைப் போலவே. கடற்கரையில் பழைய நங்கூரத்தில் படிந்திருக்குமே, அப்படி ஒரு பச்சை. சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டிப் பூட்டினோம். திருப்பினால் சத்தம் மாறிவிட்டது! முன்பு டக். இப்போது "டக்... ங்ங்ர்ர்". தூக்கத்தில் எழுப்பினால் இவர் முனகுவாரே, அதே சத்தம். எஞ்சின் சுற்றப் பார்த்து, சுற்ற முடியாமல் விட்டுவிட்டது.

எர்த் வயரின் போல்ட்டைத் தேட இவர் சீட்டுக்குக் கீழே படுத்தார். அங்கே பெயின்ட்டும் கிரீஸும் மண்ணும் சேர்ந்து ஒரு கட்டி. அதற்குள் போல்ட். ஸ்பேனர் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்துவிட்டுப் பகல் சோறு தின்றோம். பிறகு அசைந்தது. கழற்றிப் பார்த்தால் வயரின் கண் முழுக்கத் துரு. நான் சான்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தேன், மெசினின் உடம்பிலும் இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்தேன். நிஃப்லாவின் புதுத் தோடு மாதிரி பளபளத்தது.

பூட்டினோம். இவர் பிஸ்மி சொல்லித் திருப்பினார். "கிர்ர்ர்ர்" என்று சுற்றி உடனே பிடித்தது நானா! புகை எழும்பிக் காகங்கள் எல்லாம் பறந்தன. இவர் சீட்டில் இருந்தபடியே இரண்டு கையையும் தூக்கினார். வலை நிறைந்த நாளில்கூட இந்த மனிதன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். மறுபடி நிறுத்தினார். டீசல் முடிகிறது என்று நான் ஏச வேண்டியிருந்தது.

இத்தோடு முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அடுத்த நாள் காலையில் ஒரு புதுச் சத்தம். திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் சுற்றவில்லை. "வீஈஈஈ" என்று மெல்லிசாக, நடுவில் "கரகர" என்று பல்லைக் கடிக்கிற மாதிரி. சில வேளை பிடிக்கிறது, சில வேளை இல்லை. நுஸ்கி பாஸிடம் சொன்னேன். அவர், "அந்த எர்த்தை நான் பாக்கல்ல, பிழதான்" என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். இந்த வீஈஈ பற்றி ஹயாத்து நானாவிடமே கேளுங்கள் என்றார். கேட்கிறேன்.

சனிக்கிழமை கனமூலைக்காரர்கள் வந்தார்கள். பேச்சு நல்லபடியாக முடிந்தது. அடுத்த மாதம் கடைசியில் நிகாஹ். எல்லோரும் மூத்த மாமா எங்கே என்று கேட்டார்கள். முழங்கால் என்றேன். உங்கள் முழங்காலுக்கு ஒரு எண்ணெய் அனுப்புகிறேன். சாட்சி விஷயத்தில் இவர் மாறவில்லை.

உங்கள் கை பட்ட மெசின் எழும்பிவிட்டது. நீங்களும் எழும்பி வர துஆச் செய்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
அலீமா

*

அக்குறணை,
ஒக்டோபர் 5.

தங்கச்சி அலீமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கிர்ர்ர்ர் என்று நீ எழுதிய இடத்தில் நான் கடிதத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். நீ சரியாக எழுதியிருக்கிறாய். நிஃப்லா சொன்ன கதவுத் தட்டலும் சரி.

இந்த வீஈஈ புதுப் பிழை இல்லை. எஞ்சினுக்குப் பின்னால் பெரிய சக்கரம் ஒன்று இருக்கிறது. அதன் ஓரம் முழுக்கப் பல். ஸ்டார்ட்டர் முனையில் இருக்கிற சின்னப் பல் வெளியே வந்து அந்தப் பெரிய பல்லைக் கவ்வித் திருப்ப வேண்டும். எஞ்சின் நிற்கும்போது எப்போதும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் வந்து நிற்கும். ஆகவே சின்னப் பல்லும் காலம் முழுக்க அந்த இடங்களிலேயே கடிக்கும். அங்கே தேய்ந்து போயிருக்கும். தேய்ந்த இடத்தில் நின்றுவிட்டால் கவ்வாது, வழுக்கும். அதுதான் வீஈஈ. கரகர என்பது பல்லோடு பல் உரசுவது. அந்தச் சத்தம் வந்தால் உடனே திறப்பை விடச் சொல்லு. பிடிவாதமாகத் திருப்பினால் இருக்கிற பல்லும் போய்விடும்.

காலையில் ட்ரக்டரில் ஏறுவதற்கு முன்னால் நான் பின் டயரில் தோளை வைத்து முன்னும் பின்னும் அசைப்பேனே, நீங்கள் எல்லோரும் நான் முதுகு தேய்க்கிறேன் என்று சிரித்தீர்கள். டொப் கியரில் போட்டு, திறப்பைக் கழற்றி வைத்துவிட்டு அப்படி அசைத்தால் எஞ்சின் ஒரு விரல் அளவு திரும்பும். தேய்ந்த பல் விலகி நல்ல பல் முன்னால் வரும். பிறகு நியூட்ரலுக்குக் கொண்டு வந்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். நியூட்ரலை மறந்தால் ட்ரக்டர் உங்கள் குசினிக்குள், அடுப்புக்கு முன்னால் போய் நிற்கும்.

இரண்டாம் உழவு முடியும் வரை இப்படிச் சமாளியுங்கள். எத்தனை பல் போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், முதலில் பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்க்கலாம். முழுதாகத் திருத்துவதென்றால் மெசினை நடுவில் இரண்டாகப் பிரித்து, அந்தப் பல் வளையத்தைச் சூடாக்கிக் கழற்றி, மறுபக்கம் திருப்பிப் போட வேண்டும். நுஸ்கி செய்வான். ஆனால் உள்ளே கிளட்ச் பக்கம் நான் ஒரு காலத்தில் என் இஷ்டத்துக்குச் செய்து வைத்த வேலை ஒன்று இருக்கிறது. அதை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. படம் கீறிப் பார்த்தேன், நண்டு மாதிரி வந்தது.

எண்ணெய்க்கு நன்றி. முழங்கால் பரவாயில்லை.

உன் நானா,
ஹயாத்து முகம்மது

அலீமா, இது மர்ஷூதா. கடித உறையை ஒட்டுகிறேன் என்று வாங்கி இதை எழுதுகிறேன். உன் நானாவுக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை. இங்கே வந்த நாளிலிருந்து ஜன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்த மனிதன், உன் கடிதம் வரத் தொடங்கியதிலிருந்து மருமகனைப் பிடித்து வைத்து ரொட்டித் தட்டையும் கரண்டியையும் காட்டி பல்லும் சக்கரமும் விளக்குகிறார். லொறி வருகிற நாளில் விடியச் சுபஹோடு போய் ரோட்டில் நிற்கிறார். அந்த ட்ரக்டரைச் சீக்கிரம் திருத்திவிடாதே, மச்சி. இன்னும் கொஞ்சம் பழுதாகவே இருக்கட்டும்.

*

எத்தாளை,
ஒக்டோபர் 12.

அன்பின் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மழை இரண்டு நாள் பெய்து விட்டிருக்கிறது. இரண்டாம் உழவும் முடித்து, வெங்காய நாற்று நட்டாகிவிட்டது. எல்லாம் உங்கள் தோள் வித்தையால்தான். இவர் தோள் கொடுத்தார், அசையவில்லை. நான் ஒரு பக்கமும் நிஃப்லா ஒரு பக்கமுமாகக் கொடுத்தோம், அசைந்தது. தன்னுடைய தோள் கடலுக்குப் பழகின தோள், தரையில் வேலை செய்யாது என்கிறார்.

சிலாபத்துக்காரர் மறுபடி வந்தார். மெசின் செத்துப் போச்சு என்று நினைத்து ஆட்களையும் கயிற்றையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். டொப் கியரில் போட்டேன், மகளோடு சேர்ந்து டயரை அசைத்தேன், நியூட்ரலுக்குக் கொண்டு வந்தேன், சீட்டில் ஏறித் திறப்பைத் திருப்பினேன். கிர்ர்ர்ர். அந்த மனிதர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, "நோனா, மேக்க விகுணன்ன எபா" என்று சிங்களத்தில் எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார். இதை விற்காதே என்று வாங்க வந்தவனே சொன்ன பிறகு நான் என்ன செய்ய? விற்கவில்லை நானா.

நீங்கள் எழுதிய ஓட்டைக்குள்ளும் பார்த்தேன். ஸ்டார்ட்டரைக் கழற்றியதும் இவர்தான் முதலில் தலையை விட்டார். டோர்ச்சும் தலையும் ஒன்றாகப் போக இடமில்லை. பிறகு நான் பார்த்தேன். எல்லாப் பல்லும் ஒழுங்காக நிற்க, ஓர் இடத்தில் மட்டும் நாலைந்து பல் எலி கொறித்த தேங்காய்ச் சொட்டு மாதிரி இருந்தது. நீங்கள் அக்குறணையில் இருந்துகொண்டே கண்டுவிட்ட பல்லை நான் கையால் தொட்டுப் பார்த்தேன். எனக்கு என்னவோ கண் கலங்கிவிட்டது. கிரீஸ் கை என்பதால் துடைக்கவும் முடியவில்லை.

நுஸ்கி பாஸ் மெசினைப் பிரிக்கத் தயார். ஆனால் ஒரே பேச்சு, "ஹயாத்து நானா பக்கத்துல நிண்டா செய்யிறன், இல்லாட்டி கை வெக்க மாட்டன்." நீங்கள் உள்ளே செய்து வைத்த வேலைக்கு அவர் பயப்படுகிறார். நான் அவருடைய கராஜில் ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தேன் நானா. ஒரு பக்கம் வெல்டிங், ஒரு பக்கம் கிரைண்டர். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஸ்பேனர் வேண்டுமென்றால் விரலைக் காட்டுகிறார்கள். போதும் என்றால் கையை விரிக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுகிறார்கள். அங்கே எல்லோருக்கும் லைன் சரியில்லை. வேலை மட்டும் நடக்கிறது.

நிகாஹ் இந்த மாதம் கடைசி வெள்ளி. நான் நிறையச் சொல்ல மாட்டேன். நிஃப்லா நேற்று என்னிடம், மாமா வராவிட்டால் திகதியைத் தள்ளிப் போடச் சொன்னாள். அஸ்ஹான் வீட்டார் விருந்துக்கு ஒரு மாடு பேசி வைத்துவிட்டார்கள், தள்ளிப் போட முடியாது. நீங்களாக வாருங்கள். உங்களுக்கு எப்படி வசதியோ அப்படி வாருங்கள். என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிவிட்டு வாருங்கள்.

உங்கள் தங்கச்சி,
அலீமா

*

அக்குறணை,
ஒக்டோபர் 19.

தங்கச்சி அலீமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

லைனில் பிழை இல்லை. அது என் காதில்தான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை. நல்லதுதான், சொல்லியிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

இடது காது முழுதாகப் போய்விட்டது. வலதில் கொஞ்சம் இருக்கிறது. இந்த வருடத் தொடக்கத்தில் பள்ளிவாசல் கூட்டத்தில், "இண்டைக்குத் தொழுகைக்குப் பாங்கு ஆரு சொல்றது?" என்று கேட்டார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பேக்கரியில் பாண் வாங்கியாச்சா என்று கேட்கிறார்கள் என நினைத்து, காலையிலேயே வாங்கிட்டன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்க முடியவில்லை. அந்த வாரம் ஸஹ்னா பிள்ளைப்பேற்றுக்குக் கூப்பிட்டாள், கிளம்பி வந்துவிட்டேன். திரும்பி வர மனம் வரவில்லை.

சாட்சியாக நான் இருக்கக் கூடாது. நிகாஹ் சொல்லைக் காதால் கேட்டவன்தான் சாட்சி சொல்ல வேண்டும். நிஃப்லாவின் காரியத்தில் நான் கேட்காததைக் கேட்டேன் என்று தலையாட்ட மாட்டேன். மச்சானிடம் இதை நீயே சொல்லு. கோபிக்க மாட்டார். அஃப்ராஸின் வாப்பாவைச் சாட்சிக்குப் போடச் சொல்லு. நான் மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று வரவேற்கிறேன், சோற்றுப் பந்தியைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்குக் கண் போதும்.

வருகிற கிழமை ஹாசிமின் லொறியில் நானும் மர்ஷூதாவும் வருகிறோம். ஸஹ்னா வாங்கித் தந்த காது மெசினையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். மூன்று நாளாக மாட்டிப் பழகுகிறேன். பிள்ளை அழுவது கேட்கிறது. இத்தனை நாளும் இந்தப் பிள்ளை மெல்லமாக அழுகிறது என்று நினைத்திருந்தேன், தொண்டை ஒரு கப்பல் சங்கு. நுஸ்கியிடம் கல்யாணம் முடிந்த கிழமை ட்ரக்டரைப் பிரிக்கலாம் என்று சொல்லி வை.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் வருவதற்கு முன்னால் வீட்டிலும் அயலிலும் நீ சொல்லி வை. என்னோடு பேசுகிறவர்கள் முன்னால் வந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசட்டும். கத்த வேண்டாம். பின்னாலிருந்து கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால் பெருமை என்று நினைக்க வேண்டாம். விளங்காவிட்டால் நான் திரும்பக் கேட்பேன், இனி விளங்கிய மாதிரி சிரிக்க மாட்டேன். இரண்டாம் தரமும் சொல்லுங்கள், தங்கச்சி. மூன்றாம் தரம் கேட்டாலும் சலிக்காதீர்கள்.

அல்லாஹ் நிஃப்லாவையும் அஸ்ஹானையும் ஒருவர் சொல்வது ஒருவருக்கு விளங்கும்படி வாழ வைப்பானாக.

உன் நானா,
ஹயாத்து முகம்மது